ஞாயிற்றுக்கிழமை வெப்பம்

நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் அளப்போம். அந்த வழக்கத்தை ஆரம்பித்து வைத்தவள் நான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது தோண்டி எடுத்துச் சொல்வதைவிட நானே சொல்லிவிடுவது மரியாதை.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. தெருவின் வெப்பத்தை அளக்கும் குட்டி ட்ரோன்களைப் பறக்கவிடப் போலீஸ் அனுமதி வேண்டும். வேலை நாளில் அதை வாங்குவதற்குள் தாவு தீர்ந்துவிடும். ஞாயிறு என்றால் ஒரே ஒரு மெசேஜ், வேலை முடிந்தது. மின்பங்கீட்டு ஆணையத்தில் சேர்ந்த புதிதில் இந்தக் குறுக்கு வழியைக் கண்டுபிடித்ததற்காக என்னைப் பாராட்டி ஒரு சான்றிதழ்கூடக் கொடுத்தார்கள். பன்னிரண்டு வருடத்தில் சென்னை முழுக்க அதுவே முறையாகிவிட்டது.

ஆணையம் என்ன செய்கிறது என்றும் சொல்ல வேண்டும். மூன்று கோடைகள் தொடர்ந்து நகரமே இருண்டுபோன பிறகு, இருக்கிற மின்சாரத்தைக் கட்டடவாரியாகப் பங்கிட வேண்டியதாயிற்று. பங்கிடுவது துலா என்கிற மென்பொருள். சுவர் எவ்வளவு கனம், கூரை என்ன நிறம், உள்ளே எத்தனை பேர், தெருவில் எவ்வளவு வெப்பம் எல்லாவற்றையும் பார்த்து, இந்தக் கட்டடத்துக்கு இவ்வளவு மின்சாரம் போதும் என்று சொல்லும். மூன்று மாதம் தொடர்ந்து அந்த வரம்பைத் தாண்டினால் கட்டடம் தகுதியிழந்தது என்று அறிவிப்போம். ஐம்பது நாள் அவகாசம். அதற்குப் பிறகு குடியிருப்பவர்களைக் காலி செய்து நாற்பது கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் விடுவோம். இது நியாயம் என்று நான் மனதார நம்பினேன். சம்பளத்துக்காக நம்பியிருந்தால்கூட இப்போது இவ்வளவு வெட்கமாக இருக்காது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, கால்வாய்க்கரைக் குடியிருப்பின் பதினொன்றாம் பிளாக்குக்கு நோட்டீஸ் கொடுக்கப் போனேன். நூற்றுப் பன்னிரண்டு வீடுகள். நோட்டீஸை வேலை நாளில், நேரில்தான் கொடுக்க வேண்டும் என்பது விதி. சந்துக்குள் நுழைந்த இரண்டாவது நிமிடமே முதுகு நனைந்துவிட்டது.

பிளாக்கின் செயலாளர் ஜெனிபர் படியிறங்கி வந்தார். ஐம்பது வயது இருக்கும். ஏசி மெக்கானிக் சீருடை, சட்டைப் பையில் இரண்டு டெஸ்டர். நோட்டீஸை நின்றபடியே முழுக்கப் படித்தார். அழவில்லை, கெஞ்சவில்லை. எனக்கு அதுவே சங்கடமாக இருந்தது.

"தெருச் சூடு முப்பத்தாறுன்னு போட்டுகீறீங்க. உங்க கைல கீற மிஷின்ல இப்ப எத்தினி காட்டுது மேடம்?"

பார்த்தேன். வெப்பமானியில் நாற்பத்து மூன்றரை.

"முப்பத்தாறு எப்ப எடுத்தது?"

"மே எட்டாம் தேதி."

"இன்னா கெயம?"

நான் டேப்லெட்டில் பார்ப்பதற்குள் அவர் சொன்னார்.

"நாயித்துக்கெயம. அன்னிக்கு டவர் லீவு மேடம். வாங்க, ஒண்ணு காட்றேன்."

பிளாக்கின் பின்பக்கம் கூட்டிப்போனார். முப்பது அடி அகலச் சந்து. அந்தப் பக்கம் இருபத்திரண்டு மாடிக் கண்ணாடிக் கட்டடம், ஸ்படிகா டவர். எங்கள் ஆணையமே அதன் பத்தொன்பதாவது மாடியில்தான் இருக்கிறது. எட்டு வருடமாக முன்வாசல் வழியாகவே போய் வந்தவள், அதன் முதுகை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒன்று முதல் ஐந்து மாடி வரை ஏசியின் வெளி யூனிட்டுகள், வரிசை வரிசையாக, எல்லா விசிறிகளும் பிளாக்கைப் பார்த்துச் சுழன்றுகொண்டிருந்தன. அங்கே நிற்கவே முடியவில்லை. பேருந்தின் எஞ்சின் மூடிமேல் உட்கார்ந்தது போல இருந்தது.

"ஏசின்னா குளிர உண்டாக்குற மிஷின்னு நெனச்சிக்கினு கீறீங்க இல்ல?" என்றார் ஜெனிபர். "அது சூட்டத் தூக்கிப் போடுற மிஷின் மேடம். உள்ள கீற சூட்ட வாரி வெளிய கொட்டும். தான் துன்ற கரெண்டு சூட்டயும் சேத்துக் கொட்டும். டவருக்கு வெளின்னா எங்களுக்கு அது வூட்டு செவுரு. கடல் காத்தயும் அது மறிச்சிக்கிச்சி. மத்தியானம் ஆச்சின்னா கண்ணாடி வெயில வேற இங்க திருப்பி வுடுது. எங்க ஃபேனும் பழைய ஏசியும் இத்தினியோடவும் மல்லுக்கட்டுது. நீங்க வந்து, உங்க பிளாக்கு கரெண்ட முழுங்குதுன்றீங்க."

"இதை யார் இந்தப் பக்கம் பார்த்து மாட்டினாங்க?"

"நான்தான்." சட்டென்று சொன்னார். "நானூத்தி அறுவது யூனிட்டு. என் கையால மாட்னேன். டிராயிங்ல அப்டித்தான் இருந்துச்சி. வேல கெடச்ச சந்தோசத்துல எந்தப் பக்கம் ஊதுதுன்னு நான் யோசிக்கல."

நானும் என் ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லிவிட்டேன். 

பிறகு அவர் மூன்றாவது மாடி பிச்சாண்டியைப் பற்றிச் சொன்னார். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், தனி ஆள். தன்னால் பிளாக் வரம்பைத் தாண்டிவிடக் கூடாது என்று ஏப்ரல் மாதம் பகலெல்லாம் ஃபேனை நிறுத்திவிட்டு ஈரத்துண்டோடு படுத்திருந்திருக்கிறார். பத்து நாள் அப்படி இருந்தார். பதினோராவது நாள் கதவை உடைத்துத்தான் எடுத்தார்களாம்.

என் கையில் இருந்த டேப்லெட்டில் அந்த வீட்டின் பதிவைத் திறந்தேன். திறக்காமல் இருந்திருக்கலாம். அந்தப் பத்து நாளைத் துலா கவனித்திருந்தது. இந்த வீட்டுக்கு இவ்வளவு மின்சாரமே போதும் என்று கற்றுக்கொண்டு, மே மாதம் பிளாக் முழுவதற்கும் வரம்பைக் குறைத்திருந்தது. ஒரு மனிதன் வெந்து செத்ததை அது சிக்கனம் என்று எழுதி வைத்திருந்தது. அதன் கீழே சரிபார்த்தவர் என்ற இடத்தில் என் பெயர், மிதுனா.

ஜெனிபரிடம் அதைக் காட்டினேன். படித்தார். டேப்லெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நாங்க காலி பண்ண மாட்டோம்" என்றார். "எயுதிக்கோங்க."

* * *

ஆணையர் இளம்பரிதி கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் சண்டை போடுவது சுலபம். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார், தண்ணீர் கொடுத்தார், பிறகு விதிப்புத்தகத்தை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"பக்கத்துக் கட்டடத்தால இந்தக் கட்டடம் சூடாகுதுன்னு நீங்க சொல்லலாம் மிதுனா. துலா ஒத்துக்கணுமே. டவர் நின்னா பிளாக் குளிருதுன்னு காட்டணும். ஒரே கிழமையில ஏழு வேலை நாள் ஒப்பீடு வேணும். நோட்டீஸ் கொடுத்தாச்சு, நாளைக்கு அந்தச் சுவர்ல வெப்பப்பதிவுக் கருவி மாட்டிடுவாங்க. அது பாட்டுக்கு மணிக்கு மணி துலாவுக்கு அனுப்பும். ஆனா நானூத்தி அறுபது ஏசியை ஏழு வேலை நாள் யார் நிறுத்தி வைக்கப்போறா?"

சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை, உண்மையிலேயே அது நடக்காத காரியம் என்று நினைத்த சிரிப்பு. அவர் அறையில் இருபத்து மூன்று டிகிரி. மேலே ஒரு மெல்லிய கோட்டு போட்டிருந்தார்.

அன்று மாலையே ஜெனிபரிடம் போய், ஒரே கிழமையில் ஏழு நாள் டவரை நிறுத்தினால் போதும் என்று சொன்னேன். நான் சொன்னது அப்படித்தான்.

"ஏழு நாளா?" என்றார். உள்ளே போய், எண்ணெய்க்கறை படிந்த ஒரு தடிப் புத்தகத்தோடு வந்தார். கம்பெனி கொடுத்த சர்வீஸ் கையேடு. "ஏழு வேல போட்டுகீறான் மேடம். ஃபில்டர் கழுவுறது, காயில் கழுவுறது, கேஸ் பாக்குறது, டிரெயின், வயரு, ஃபேன் மோட்டாரு, கம்ப்ரஸரு. ஒவ்வொரு வேலைக்கும் முன்னாடி இன்னா எயுதிகீறான் படிங்க."

படித்தேன். வரிசை முழுவதையும் நிறுத்திய பின்னரே பணி தொடங்க வேண்டும், ஒரே நாளில் இரண்டு பணிகள் கூடாது.

"இத யாரும் செய்யறது கெடயாது. ஒரே வாட்டி போயி, பாதி செஞ்சிட்டு, கையெயுத்து வாங்கிக்கினு வந்துருவோம். எந்தத் தேதில செய்யணும்னு எங்க மெக்கானிக் சங்கம்தான் முடிவு பண்ணும், ஒப்பந்தத்துல கீது. இந்த வாட்டி பொஸ்தகத்துல கீறபடி செய்வோம். ஏழு செவ்வாக்கெயம."

"வேலைநிறுத்தம்னு சொல்லுவாங்களே அக்கா?"

"எதுக்கு? நாங்க வேல செய்யப் போறோம் மேடம். இத்தினி வர்சத்துல மொத தடவ ஒயுங்கா செய்யப் போறோம்."

முதல் செவ்வாய் காலை பத்து மணிக்கு இருபது மெக்கானிக்குகள் டவருக்குப் போய், மேனேஜரிடம் கையேட்டைக் காட்டிவிட்டு, வரிசை வரிசையாக சுவிட்சை அணைத்தார்கள். சந்தில் அந்த இரைச்சல் நின்றதும் எல்லோரும் வெளியே வந்து பார்த்தார்கள். எட்டு வருடத்தில் வேலை நாளில் அந்தச் சத்தம் இல்லாமல் அவர்கள் பேசியதே இல்லை. பழக்கதோஷத்தில் கத்திக் கத்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு மணிக்குச் சுவர் முப்பத்தெட்டில் இருந்தது. இரண்டு மணிக்கும் அதேதான். பிளாக்கின் மின்சாரம் வரம்புக்குள் அடங்கி நின்றது.

டவரில் நாங்கள் அவிந்துகொண்டிருந்தோம். ஆணையர் கோட்டைக் கழற்றினார். மூன்றாவது செவ்வாய் சட்டைக் கையை மடித்தார். ஐந்தாவது செவ்வாய் என்னிடம், "இதுல உங்க கை இருக்கா?" என்று கேட்டார். "கையேட்டைப் படிச்சுப் பாருங்க சார்" என்றேன். எனக்கே என் வாய் புதிதாக இருந்தது.

ஆறாவது செவ்வாய் முடிந்த மறுநாள் ஜெனிபரையும் என்னையும் கூப்பிட்டார். மேஜையில் ஒரு தாள் தயாராக இருந்தது. பதினொன்றாம் பிளாக்குக்கு மட்டும் சிறப்பு விலக்கு. நோட்டீஸ் ரத்து. யாரும் எங்கேயும் போக வேண்டாம். பதிலுக்கு அடுத்த செவ்வாய் சர்வீஸ் கூடாது, இந்த ஆறு நாளும் அசாதாரண நாட்கள் என்று பதிவாகிக் கணக்கிலிருந்து நீங்கிவிடும்.

"கால்வாய்க்கரையில மத்த பத்து பிளாக்கு?" என்றார் ஜெனிபர்.

"அவங்களுக்கு அடுத்த மாசம் நோட்டீஸ் போகும். அது வேற விஷயம்மா."

"அதே டவரு, அதே சூடு. எப்டி சார் வேற விசயம் ஆவும்?"

ஆணையர் பேனாவைத் தாளின் மேல் நகர்த்தி வைத்தார். வெட்கத்தோடு சொல்கிறேன், நான் ஜெனிபரின் காதோரம் குனிந்து, "கையெழுத்து போட்டுடுங்க அக்கா" என்றேன். நூற்றுப் பன்னிரண்டு குடும்பம் தப்பிக்கிறதே என்றுதான் எனக்குப் பட்டது.

"கீய கேட்டுட்டு வரேன்" என்று எழுந்து போனார். படிக்கட்டில் கூட்டம் போட்டுப் பேசியிருக்கிறார்கள். முக்கால் மணி நேரம் கழித்து வியர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்தார்.

"இருவது வூடு போடச் சொல்லிச்சி. அவங்க மேல தப்பில்ல. மத்த வூடெல்லாம் வேணாம்னிச்சி." தாளைத் தொடாமல் நின்றபடியே சொன்னார். "நீங்க எங்களுக்கு தயவு பண்றேன்றீங்க சார். நாங்க கேக்கறது தயவு இல்ல. சூடு உங்களுதுன்னு ஒத்துக்கோங்க, அவ்ளோதான்."

* * *

ஏழாவது செவ்வாய் காலை மெக்கானிக்குகள் டவருக்குப் போனபோது வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். ஒப்பந்தம் ரத்து. வெளியூரிலிருந்து வேறு ஆட்களை இறக்கியிருந்தார்கள். ஒன்பதரைக்கே நானூற்று அறுபது விசிறியும் முழு வேகத்தில் சுழன்றன. ஆறு வாரம் வியர்த்ததற்கெல்லாம் சேர்த்து டவரைக் குளிரவைத்தார்கள் என்று நினைக்கிறேன். பன்னிரண்டு மணிக்குச் சுவர் நாற்பத்தைந்தைத் தொட்டது.

நான் அன்றைக்கு விடுப்பு போட்டுவிட்டு பிளாக்கில்தான் இருந்தேன். மீட்டர் ஏறுவதைப் பார்த்து ஜனங்களுக்குப் பதற்றம் பிடித்துக்கொண்டது. "ஆறு நாள் பட்டது வீணா பூடும், ஃபேன நிறுத்து, எல்லாரும் நிறுத்து!" என்று யாரோ கத்தினார்கள். ஒவ்வொரு வீடாக சுவிட்ச் அணையத் தொடங்கியது. நாலாவது மாடியில் ஒரு பெண் பச்சைக்குழந்தையை வைத்துக்கொண்டு ஃபேனை நிறுத்தி விசிறியால் வீசிக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பிச்சாண்டியின் பத்து நாள் ஞாபகம் வந்தது. படிக்கட்டில் ஓடி ஏறி, தொண்டை கிழியக் கத்தினேன்.

"நிறுத்தாதீங்க! நீங்க நிறுத்தினா உங்களுக்கு ஃபேனே வேணாம்னு துலா எழுதிக்கும். நீங்க கஷ்டப்படறது அதுக்குத் தெரியாது. கரெண்டு கொறஞ்சது மட்டும்தான் தெரியும்!"

"தாண்டிட்டா தோத்துடுவோமே மேடம்?"

"தோத்தா தோப்போம். ஆனா பொய் சொல்லித் தோக்க வேணாம்."

ஜெனிபர் மாடிப்படியின் நடுவில் வந்து நின்றார். "கேட்டுக்குங்க. போன செவ்வாக்கெயம எப்டி இருந்தீங்களோ அப்டியே இருங்க. ஃபேன் ஓடட்டும். ஏசி கீறவங்க ஏசியப் போடுங்க. கொயந்தைக்கு காத்து வேணும்னா வேணும்தான். நாம மனுசங்கன்னு அந்த மிஷினுக்குத் தெரியட்டும். வெந்து நல்ல பேரு வாங்கணும்னு நமக்குத் தலையெயுத்தா?"

சுவிட்சுகள் ஒவ்வொன்றாகத் திரும்பப் போடப்பட்டன. மீட்டர் வரம்பைத் தாண்டி எங்கேயோ போயிற்று. நான் படியில் உட்கார்ந்து அழுதேன். அவகாசம் மறுநாளோடு முடிகிறது. கையில் இருப்பது ஆறே நாள் பதிவு.

வியாழன் மாலை நான்கு மணிக்குத் துலாவின் தீர்ப்பு வர வேண்டும். பிளாக்கில் பாதிப் பேர் மூட்டை கட்டவில்லை, மீதிப் பேர் கட்டி வைத்துவிட்டு அதை ஒளித்து வைத்திருந்தார்கள். நான் அலுவலகத்தில் திரையின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். நான்கு மணி ஐந்து நிமிடத்துக்கு ஒரு வரி வந்தது. பதினொன்றாம் பிளாக் மீதான நோட்டீஸ் நீக்கப்பட்டது.

நம்ப முடியாமல் காரணத்தைத் திறந்தேன். அப்போதுதான் விதியை முதல் தடவையாக முழுசாகப் படித்தேன். ஏழு நாள் ஒப்பீடு என்றால் ஏழு நாளும் டவர் நிற்க வேண்டும் என்று அர்த்தமில்லை. நின்ற நாளும் வேண்டும், ஓடிய நாளும் வேண்டும். ஒரே கிழமையாக இருக்க வேண்டும், உள்ளே இருப்பவர்கள் ஒரே மாதிரி புழங்கியிருக்க வேண்டும். பதிவுக் கருவி மாட்டியதே நோட்டீஸ் கொடுத்த மறுநாள். அதற்குப் பிறகு வந்த செவ்வாய்க்கிழமை எல்லாவற்றிலும் நாங்கள் டவரை நிறுத்திவிட்டோம். ஏழாவது நாளும் நாங்கள் நினைத்தபடியே நிறுத்தியிருந்தால், துலாவுக்கு ஒப்பிட எதுவும் இருந்திருக்காது. பிளாக் தானாகவே செவ்வாய்க்கிழமைகளில் குளிர்ந்திருக்கிறது என்று எழுதிவிட்டு நோட்டீஸை உறுதி செய்திருக்கும். ஃபேனை நிறுத்தியிருந்தாலும் அதே கதிதான். எங்களைத் தோற்கடிக்க வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவந்தவர்கள்தான் குறையாக இருந்த சாட்சியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அடுத்த வரியில், பிளாக் செலவழித்த மின்சாரத்தில் நூற்றுக்கு நாற்பத்தொரு பங்குக்குக் காரணம் ஸ்படிகா டவர் என்று இருந்தது. அந்தக் காரணம் கால்வாய்க்கரையின் பதினொரு பிளாக்குக்கும் பொருந்தும் என்றும், டவர் தன் ஏசியில் மூன்றில் ஒரு பங்கை உடனே நிறுத்த வேண்டும் என்றும் இருந்தது.

ஆணையர் என்னை அழைத்தார். "அந்த ஏழாவது நாளை அசாதாரண நாள்னு குறிச்சிடுங்க. சரிபார்த்தவர் விரல் வெச்சாத்தான் மாறும். ஒரு விரல் மிதுனா, அவ்வளவுதான்."

"வைக்க மாட்டேன் சார்."

"சஸ்பெண்ட் பண்ண வேண்டியிருக்கும்."

"பண்ணுங்க. ஞாயிற்றுக்கிழமையில அளந்ததுக்குன்னு காரணம் போடுங்க. அதுதான் உண்மை."

வெளியூர் ஆட்கள் போய்விட்டார்கள். திங்கட்கிழமை யூனிட்டுகளை நிறுத்த ஜெனிபரைத்தான் திரும்பக் கூப்பிட வேண்டியிருந்தது. என் பொருட்களை எடுத்துப்போக நானும் அன்றைக்குத்தான் போயிருந்தேன். ஆணையரின் அறையில் இருபத்தொன்பது டிகிரி. கழுத்தைத் துடைத்துக்கொண்டே ஜெனிபரிடம் கேட்டார்.

"மூச்சு முட்டுதும்மா. இதுக்கு என்னதான் பண்றது?"

"ஜன்னலத் தொறங்க சார்."

"இந்த பில்டிங்ல ஜன்னல் திறக்காதும்மா. முழுக்கக் கண்ணாடிச் சுவர்."

ஜெனிபர் அந்தக் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார். "எங்களுது தொறக்கும் சார்" என்றார். "டவர் வந்ததுலேந்து எட்டு வர்சமா பலக வெச்சி ஆணி அடிச்சி மூடிக்கினு கீறோம்."

இரண்டு பேரும் கீழே இறங்கி, சாலையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கச் சந்துக்கு வந்தோம். மேல்மாடிகளில் ஏற்கெனவே வேலை ஆரம்பித்திருந்தது. துருப்பிடித்த ஆணிகள் கீச்சிட்டுக்கொண்டு வெளியே வந்தன, பலகைகள் தடதடவென்று சந்தில் விழுந்தன, யாரோ யாரையோ தலை ஜாக்கிரதை என்று திட்டினார்கள். ஜெனிபர் தன் பையிலிருந்து ஒரு குறடை எடுத்து என் கையில் திணித்தார்.

"ரெண்டாவது மாடி இன்னும் யாரும் தொடல" என்றார். "சும்மா நின்னுக்கினு கீறீங்களே, போங்க."